சமையலறை மேசையின் கால்களுடன் கீழ்த்தட்டை இணைப்பது எப்படி? பலகை விரிசல் விட்டுவிட்டது

கேள்வி (அல்சூர், பெங்களூரு)

வணக்கம். சென்ற ஆகஸ்டு மாதம் எங்கள் சமையலறைக்கு நானே ஒரு மேசை செய்தேன். நீளம் 900 மி.மீ., அகலம் 400 மி.மீ.; கால்கள் 45 மி.மீ. சதுரத் தேக்கு. மேலே கிரைண்டர் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அரிசி டின் வைப்பதற்காக, 18 மி.மீ. கனமுள்ள சில்வர் ஓக் பலகைகளை ஒட்டி ஒரே தட்டாக்கி, நான்கு மூலைகளையும் கால் அளவுக்கு வெட்டி உள்ளே நுழைத்தேன். பிறகு ஒவ்வொரு காலிலும் முன்பின் பக்கத்திலிருந்து ஒன்றும் பக்கவாட்டிலிருந்து ஒன்றுமாக இரண்டு திருகாணிகள் முடுக்கினேன்.

மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது தட்டு கடகடவென்று அதிர்ந்தது. குனிந்து பார்த்தால், ஒரு மூலை வெட்டின் உட்கோணத்திலிருந்து ஒரு விரிசல் நார் ஓடும் திசையிலேயே ஏறக்குறைய 200 மி.மீ. தூரம் ஓடியிருக்கிறது. பக்கவாட்டுத் திருகாணிகள் நான்கும் கையால் சுற்றினாலே சுழல்கின்றன. மேல்சட்டங்களைக் கால்களோடு பசையிட்டு இணைத்துவிட்டதால் மேசையைப் பிரிக்க முடியாது. பிரிக்காமலே உறுதியான ஒரு கீழ்த்தட்டைப் பொருத்த வழி உண்டா?

மறுமொழி (ஒயிட்ஃபீல்டு)

விரிசலில் பசை செலுத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, தட்டின் அடியில் காலுக்கு ஒன்றாக இரும்பு எல்-ஆங்கிள் வைத்து முடுக்கிவிடலாம். என் வீட்டுப் புத்தக மேசையில் அப்படித்தான் செய்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக ஆடவில்லை. எனினும் என் தட்டு ப்ளைவுட் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுமொழி (ஸ்ரீராமபுரம், மரவேலை செய்பவர்)

சகோதரி, ஒயிட்ஃபீல்டு நண்பர் கடைசி வரியில் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ப்ளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது அகலத்தில் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம், மரப்பலகை அப்படியில்லை. நீளவாக்கில் மாறாத அதே பலகை, ஈரம் ஏறினால் அகலத்தில் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் குறைந்தால் அகலத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும் என்பது நாங்கள் தோராயமாகப் போடும் கணக்கு. நீங்கள் ஆகஸ்டு ஈரத்தில் செய்த 400 மி.மீ. தட்டு, மார்ச் மாத வறட்சியில் 3, 4 மி.மீ. சுருங்க முயன்றிருக்கும். முன்கால்களும் பின்கால்களும் திருகாணியால் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆகவே பலவீனமான இடத்தில், அதாவது கூர்மையாக வெட்டிய உட்கோணத்தில், பலகை பிளந்தது. எல்-ஆங்கிளை இறுக்கினாலும் அடுத்த மார்ச்சில் இதுவே நடக்கும். பக்கவாட்டுத் திருகாணிகள் கழன்றதற்குக் காரணம் வேறு: அவை நார்களின் அறுபட்ட முனைக்குள் இறங்கியிருக்கின்றன, அங்கே மரை பிடிப்பதில்லை, கிரைண்டரின் அதிர்வுக்கு அவை தாக்குப்பிடிக்கா.

முதலில் ஓர் அளவு எடுத்துச் சொல்லுங்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே மேல்சட்டத்தை ஒட்டி எவ்வளவு, தட்டு இருக்கும் உயரத்தில் எவ்வளவு?

கேட்டவர்

ஐயா, மேலே 310 மி.மீ., கீழே 307 மி.மீ. இருக்கிறது. இதை நான் கவனிக்கவே இல்லை.

மறுமொழி (ஸ்ரீராமபுரம்)

சுருங்கிய பலகை கால்களையும் உள்ளே இழுத்திருக்கிறது. திருகாணிகளைக் கழற்றித் தட்டை எடுத்த பிறகு, இடதுபுறம் ஒன்றும் வலதுபுறம் ஒன்றுமாக முன்காலையும் பின்காலையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களை வையுங்கள், 45 மி.மீ. உயரமும் 22 மி.மீ. கனமும் உள்ள தேக்கு போதும். நீளத்தைக் கீழே அளக்காமல், மேலே கிடைத்த 310-க்கே வெட்டுங்கள். கீழ் அளவுக்கு வெட்டினால் கால்கள் கோணலாகவே நின்றுவிடும்.

மேசையைப் பிரிக்க முடிந்தால் துளையும் கழுந்தும் (காலில் ஒரு துளை, அதில் நுழையும்படி செதுக்கிய சட்ட முனை) வைத்துத்தான் செய்யச் சொல்வேன். அதற்கு நிகரான மூட்டு வேறில்லை. நிற்கிற கால்களுக்கு நடுவே கழுந்தை நுழைக்க இடம் கிடையாது என்பதால், வெளியிலிருந்து முளை (ஆணிபோல அடிக்கும் உருண்டைக் குச்சி) அடிப்பதே வழி. சட்டத்தைக் கால்களுக்கு இடையே வைத்துக் கிளாம்பால் இறுக்கி, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, காலின் வெளிமுகத்திலிருந்து 8 மி.மீ. துளையைக் கால் முழுவதையும் கடந்து சட்டத்துக்குள் 40 மி.மீ. வரை இறக்குங்கள். மூட்டுக்கு ஒரு முளை மட்டும் அடித்தால் சட்டம் அதைச் சுற்றித் திரும்பும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தேவை. சாதாரண ட்ரில் பிட்டுக்கு இந்த 85 மி.மீ. ஆழம் எட்டாது. எஸ்.ஜே.பி. சாலைக் கடைகளில் நீளமான பிட் கேட்டு வாங்குங்கள்.

முளைக்கு நன்றாகக் காய்ந்த மூங்கிலைச் சீவிக்கொள்ளலாம். அதன் உடலில் நீளவாக்கில் ஒரு கீறல் போட மறக்காதீர்கள். பசையும் காற்றும் வெளியேற வழியில்லாமல் அடித்தால் சட்டத்தின் முனை பிளந்துவிடும். தரையைத் துடைக்கும் தண்ணீர் படும் இடமென்பதால், நீர் தாங்கும் மரப்பசையே வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, வெளியே நீட்டியிருக்கும் முளையை அறுத்து இழைத்துவிடுங்கள்.

பழைய தட்டை எறிய வேண்டாம். விரிசல், மூலை வெட்டின் உட்கோணத்தை ஒட்டி நேராக ஓடியிருப்பதால், இரு ஓரங்களையும் கழித்துவிட்டு நடுப்பகுதியை 56 மி.மீ. அகலமுள்ள ஐந்து பட்டைகளாக அறுக்கலாம். சட்டங்களின் மேல் 5 மி.மீ. இடைவெளி விட்டு அடுக்கினால் 300 மி.மீ. வரும், கால்களை ஒட்டி இருபுறமும் 5 மி.மீ. மிஞ்சும். ஒவ்வொரு பட்டைக்கும் முனைக்கு ஒரே திருகாணி, அதுவும் அகலத்தின் நடுவில். அப்போது ஒவ்வொரு பட்டையும் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தன்போக்கில் சுருங்கிப் பருத்துக்கொள்ளும், எதையும் இழுக்காது.

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்து முடித்தேன். முதல் துளை சற்றுச் சாய்ந்துவிட்டது. பிறகு ஒரு மரத்துண்டில் நேராகத் துளையிட்டு, அதை வழிகாட்டியாகக் காலில் வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் போட்டேன். கிரைண்டர் ஓடும்போது கீழே சத்தமே இல்லை. 15 கிலோ அரிசி டின்னை வைத்தால் மட்டும் நடுவிலுள்ள மூன்று பட்டைகள் லேசாகத் தாழ்கின்றன.

மறுமொழி (ஸ்ரீராமபுரம்)

நீள இடைவெளியில் 18 மி.மீ. பலகை தாழத்தான் செய்யும், பயமில்லை. பட்டைகளின் அடியில் சரியாக நடுவே ஒரு குறுக்குக் கட்டையை வைத்து, பட்டைக்கு ஒரு திருகாணி வீதம் கீழிருந்து முடுக்குங்கள். அந்தக் கட்டை கால்களைத் தொட வேண்டியதில்லை; மூன்று பட்டைகள் தாங்கும் சுமையை ஐந்துக்கும் பகிர்ந்துவிடும். பட்டைகள் தன்போக்கில் அசைய வேண்டும் என்பதால், இங்கே பசையே போடாதீர்கள்.