புதுப்பிப்பு: வீதி ஓட்டப் போட்டியின் நடுவே வெளியாள் தரும் தண்ணீர்

முந்தைய பதிவில், வெளியாளிடம் தண்ணீர் வாங்கினால் உடனே தகுதிநீக்கம் என்று எழுதியிருந்தேன். அது பிழை, மன்னிக்கவும். உலகத் தடகள அமைப்பின் வீதி ஓட்ட விதி 55-இன்படி முதல் தடவை மஞ்சள் அட்டை எச்சரிக்கை. இரண்டாவது தடவைதான் சிவப்பு அட்டை, அதாவது தகுதிநீக்கம். சிவப்பு கிடைத்தால் உடனே பாதையை விட்டு விலக வேண்டும்.

வெள்ளவத்தை மரைன் டிரைவ் ஓரத்தில் மாமா செவ்விளநீரோடு நின்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அன்பு புரிகிறது, ஆனாலும் அது வெளியுதவிதான். கொழும்புப் புழுக்கத்துக்கு 5 கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர் மேசை போதாது என்று பட்டால், தொடக்கக் கோட்டிலிருந்தே இடுப்புப் பட்டியில் போத்தல் கொண்டு ஓடுங்கள், அதற்குத் தடையில்லை. சொந்தப் பானத்தை மேசையில் வைக்க ஏற்பாட்டாளர் இடம் தந்தால், உங்கள் போட்டி இலக்கத்தையும் எத்தனையாவது கிலோமீற்றர் மேசைக்கு என்பதையும் நீரில் கரையாத மையில் போத்தலில் எழுதி முன்கூட்டியே ஒப்படையுங்கள். வேர்த்த போத்தலில் சாதாரணப் பேனை எழுத்து கரைந்துவிடும். அவசரத்தில் இன்னொருவருடையதை எடுத்தாலும் எச்சரிக்கைதான்.

சக ஓட்டக்காரர் மேசையில் எடுத்த தண்ணீரைப் பகிரலாம். ஒருவரே தொடர்ந்து கொடுத்துக்கொண்டு வந்தால் அது நியாயமற்ற உதவியாகக் கொள்ளப்படலாம்.

சைக்கிளில் பக்கத்தில் வந்து வேகம் பிடித்துக் கொடுப்பது கூடாது. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தலாம். முன்னே நகர்த்தக் கூடாது. 1908 லண்டன் ஒலிம்பிக் மரதனில் இத்தாலிய ஓட்டக்காரர் டொரான்டோ பியெத்ரி முதலாவதாக முடித்தும் தங்கத்தை இழந்தது, கடைசி மீற்றர்களில் அதிகாரிகள் தாங்கிப் பிடித்ததால்தான்.