புதுப்பிப்பு: தேவனாம்பட்டினம் கரைக்கோடு கடலுக்குள் விழுந்த சிக்கல் தீர்ந்தது

பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்டில் (நில அமைப்பு வரைபடத்தில்) வரைந்த கடலூர் தேவனாம்பட்டினக் கரைக்கோடு, லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் 150 மீட்டர் கிழக்கே போகிறது, அவ்வளவு நிலத்தையா கடல் விழுங்கியது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கடல் விழுங்கவில்லை, தவறு என்னுடையதுதான். "முதலில் டேட்டத்தைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதே சரி. டேட்டம் என்பது அட்சரேகை, தீர்க்கரேகைகளை எந்த அடிப்படையில் அளக்கிறோம் என்பது; அது மாறினால் அதே எண்கள் வேறு இடத்தைக் காட்டும். அந்த ஷீட் எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரியை) அடிப்படையாகக் கொண்டது. நான் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டேட்டமான டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்திருந்தேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அதை எவரெஸ்ட் நீள்கோளம் சார்ந்த கல்யாண்பூர் 1975 டேட்டம் என மாற்றி, பிறகு மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்துக்குக் கொண்டுவந்தேன். அதுவரை ஆற்றுக்குள் நின்றுகொண்டிருந்த ஷீட்டின் தண்டவாளக் கோடு கெடிலம் பாலத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (ஷீட்டையும் படத்தையும் பொருத்தக் குறிக்கும் இடங்களை) கூட்டச் சொன்ன யோசனையையும் முன்பு முயன்றேன். பலனில்லை, எல்லாமே ஒரே பக்கம் நகர்ந்திருந்தன.

எதிர்பாராதது ஒன்று. கரை பெரும்பாலும் ஒரு பிக்சலுக்குள், அதாவது 30 மீட்டருக்குள், பொருந்திவிட்டது. கெடிலம் முகத்துவாரத்தில் மட்டும் பொருந்தவில்லை. அங்கே மணல்திட்டு உண்மையிலேயே இடம் மாறியிருக்கிறது. ஆய்வுத் தலைப்பை அதற்கே சுருக்கிவிட்டேன்.