ஊராட்சி மன்றங்களின் கூட்டுக் காப்புறுதி நிதி: முதலாண்டு மிச்சத்தைத் திருப்பித் தரலாமா?

கரையோரக் கணக்கு (பட்டர்வொர்த்):
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் வடக்கில் எட்டு ஊராட்சி மன்றங்கள் சேர்ந்து பொதுப் பொறுப்புக்கு, அதாவது மன்றத்தின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர்கள் கேட்கும் இழப்பீட்டுக்கு, ஒரு கூட்டு நிதி வைக்கும் முன்வரைவு இது. பினாங்கில் இருப்பதே இரண்டு மன்றங்கள்தான். பேராக்கில் 15 உண்டு, அங்கிருந்தும் சேர்த்தால்தான் கணக்கு நிற்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 20,000 ரிங்கிட்டை அந்தந்த மன்றமே எக்செஸாக ஏற்கும். அதற்கு மேல் 250,000 வரை நிதி கொடுக்கும். அதையும் தாண்டினால் மறுகாப்புறுதி, அதாவது நிதியே இன்னொரு நிறுவனத்திடம் வாங்கும் காப்புறுதி.

மாதிரிக் கணக்கு: ஆண்டுச் சந்தா மொத்தம் 30 லட்சம். மறுகாப்புறுதிக்கு 9 லட்சம், நிர்வாகத்துக்கு 2.5 லட்சம், வந்த கோரிக்கைகளுக்குக் கொடுத்ததும் ஒதுக்கியதுமாக 10 லட்சம். மிச்சம் 8.5 லட்சம். இதை உறுப்பினர்களுக்குத் திருப்பித் தரலாமா? நடுவில் ஒரு மன்றம் விலகினால் அதன் பங்கு என்னாகும்?

ஐந்தொகை:
தராதீர்கள் ஐயா. அந்த 8.5 லட்சம் மிச்சமே இல்லை.

நடந்துவிட்ட, ஆனால் இன்னும் மன்றத்துக்குத் தெரியவராத சம்பவங்கள் உங்கள் கணக்கில் இல்லை. ஐபிஎன்ஆர் என்று ஆக்சுவரி (காப்புறுதி இழப்புகளைக் கணிக்கும் கணக்கியல் வல்லுநர்) சொல்வது அதைத்தான். நடைபாதையில் விழுந்து இடுப்பு உடைந்தவர் வக்கீலைப் பார்ப்பதற்கே ஓராண்டு ஆகும். பொதுப் பொறுப்பில் 12 மாத முடிவில் மொத்தச் செலவில் பாதிதான் ஏட்டில் ஏறியிருக்கிறது என்று வையுங்கள். ஏறியது 10 லட்சம் என்றால் வரவேண்டியது இன்னொரு 10 லட்சம். உங்கள் 8.5 லட்சம் மிச்சம் 1.5 லட்சம் பற்றாக்குறையாக மாறிவிடுகிறது. பாதியா, 40 விழுக்காடா என்பதை உங்கள் மன்றங்களின் பழைய கோரிக்கைப் பட்டியலை வைத்து ஆக்சுவரி சொல்ல வேண்டும். குறைந்தது ஐந்தாண்டுப் பட்டியல் வேண்டும். சம்பவ நாள், தெரிவித்த நாள், பணம் கொடுத்த நாள் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். பல பட்டியல்களில் சம்பவ நாளே இருக்காது. அந்தப் பட்டியல் எதற்கும் உதவாது.

நம் நாட்டில் ஒரு வசதி உண்டு. 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கை 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். ஆனால் சேதம் தொடர்ந்தால், அது நின்ற நாளிலிருந்துதான் 36 மாதம். அடைத்த வடிகாலால் ஒரு வீட்டுச் சுவர் ஆண்டுக்கணக்கில் ஊறுகிறது என்றால் கடிகாரம் ஓடத் தொடங்கவே இல்லை. ஆகவே ஐந்தாம் ஆண்டு முடியுமுன் முதலாண்டுக் கணக்கை மூட வேண்டாம். மூடும்போதும் மிச்சத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள்.

சட்டப்புள்ளி (கோலாலம்பூர்):
மிச்சத்தைப் பேசுமுன், இப்படி நிதி வைக்க அதிகாரம் உண்டா என்று பாருங்கள். 2013 நிதிச் சேவைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காப்புறுதித் தொழில் நடத்த முடியாது. எட்டு மன்றங்கள் ஒரு கணக்கில் பணம் போட்டு, ஒருவர் இழப்பை மற்றவர் தாங்குவது அந்தத் தொழிலுக்குள் வருமா? மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். லாபுவானில் கேப்டிவ் நிறுவனம் (உரிமையாளர்களின் இழப்புகளைக் காப்புறுதி செய்யும் சொந்த நிறுவனம்) வைப்பது ஒரு வழி. உரிமம் பெற்ற நிறுவனத்திடம் கூட்டாகப் பேரம் பேசி, எக்செஸை மட்டும் அவரவர் தாங்குவது எளிய வழி.

லண்டன் வட்டார மன்றங்கள் இப்படி ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. அதில் சேர மன்றங்களுக்கு அதிகாரமே இல்லை என்று 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பிறகு சட்டம் இயற்றித்தான் அந்த அதிகாரம் கொடுத்தார்கள். நிறுவனம் தொடங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது மிகப் பெரிய செலவு.

ஐந்தொகை:
விலகல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1903-இல் பிரிட்டிஷ் மன்றங்கள் தொடங்கிய முனிசிபல் மியூச்சுவல் என்ற காப்புறுதி நிறுவனம் 1992-இல் புதிய காப்புறுதி ஏற்பதை நிறுத்தியது. ஆஸ்பெஸ்டாஸ் நோய் போன்ற பழைய கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. 2012-இல், கொடுத்த பணத்தை மன்றங்களிடம் திரும்பப் பெறும் மீட்பு ஏற்பாடு செயலுக்கு வந்து, ஏற்கெனவே வாங்கிய இழப்பீட்டில் 15 விழுக்காட்டை மன்றங்கள் திருப்பிக் கட்ட நேர்ந்தது. 2016-இல் அது 25 விழுக்காடானது. இருபது ஆண்டு கழித்து!

எனவே ஒப்பந்தத்தில் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிக் கணக்கு. அந்த ஆண்டில் உறுப்பினராக இருந்தவர், பிறகு விலகினாலும், அந்த ஆண்டுப் பற்றாக்குறைக்குத் தன் பங்கைக் கட்ட வேண்டும். இப்படிப் பற்றாக்குறைக்காகக் கேட்கும் கூடுதல் அழைப்புக்கு உச்சவரம்பும் வையுங்கள். ஆண்டுச் சந்தாவின் ஒரு மடங்கு என்றால் மன்றங்களின் நிதித் துறைகள் ஒப்புக்கொள்ளும். குறைந்தது மூன்றாண்டு உறுப்பியம், 12 மாத முன்னறிவிப்பு.

கரையோரக் கணக்கு:
மிக்க நன்றி. சந்தாவை எப்படிப் பிரிப்பது? சிறிய மன்றங்கள் சாலை நீளத்தை வைத்துப் பிரித்தால் தங்களுக்கு அநியாயம் என்கின்றன.

மரக்கிளை (ஜார்ஜ்டவுன்):
அவர்கள் சொல்வது சரி. சாலை நீளம் மட்டும் போதாது. வரவு செலவுத் திட்டம், மக்கள்தொகை, பராமரிக்கும் மரங்கள் என்று கலந்து 70 விழுக்காடு, சொந்த இழப்பு வரலாற்றுக்கு 30 விழுக்காடு என்று தொடங்கிப் பாருங்கள். இழப்பு வரலாற்றில் ஒரு கோரிக்கையை 50,000 ரிங்கிட்டுக்கு மேல் எண்ண வேண்டாம். இல்லாவிட்டால் ஒரே ஒரு பெரிய விபத்து ஒரு சின்ன மன்றத்தை ஐந்தாண்டு தண்டித்துவிடும். அடிக்கடி வரும் சின்ன இழப்புதான் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று காட்டும்.

சொத்துக் காப்புறுதியை இந்த நிதிக்குள் இப்போது இழுக்காதீர்கள். 2017 நவம்பர் 4, 5-இல் பெய்த மழையும் வீசிய காற்றும் பினாங்குத் தீவையும் செபராங் பிறையையும் ஒன்றாக அடித்தன. அண்டை வீடுகள் சேர்ந்து வைத்த நிதி ஒரே இரவில் காலியாகும். பின்னாளில் சேர்ப்பதானால் மறுகாப்புறுதியில் மணிநேர வாசகத்தைப் பாருங்கள்: 72 மணி நேரத்துக்குள் நடந்த சேதம் எல்லாம் ஒரே நிகழ்வு என்றால் நிதி ஒரு தடவைதான் தாங்கும், இல்லாவிட்டால் மன்றத்துக்கு ஒரு தடவை.

கோரிக்கைகளில் மன்றங்கள் தோற்பது பெரும்பாலும் ஏடு சரியில்லாததால்தான். அங்சானா மரக் கிளை கார்மேல் விழுந்தால் கேள்வி ஒன்றே: கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மரத்துக்கு எண், பார்வையிட்ட நாள், பார்த்தவர் கையெழுத்து. குழிக்கு அளவுகோல் வைத்த படம், புகார் வந்த நேரம், அடைத்த நேரம். கவுன்சிலரோ அதிகாரியோ சம்பவ இடத்தில் ‘நாங்கள் கட்டித் தருகிறோம்’ என்று சொல்லிவிடக் கூடாது, பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஏழு நாளுக்குள் நிதிக்குத் தகவல். மதிப்பீடு 125,000-ஐத் தொட்டதுமே மறுகாப்புறுதியாளருக்கு எழுதுங்கள், 250,000 ஆகும்வரை காத்திருந்தால் தாமதம் என்று சொல்லிக் கைவிரித்துவிடுவார்கள்.