நெற்றித் தோலால் மூக்கைச் சீரமைத்தல்: நல்ல தோலையும் எடுப்பது ஏன்?

கேள்வி

வணக்கம். என் தாயாருக்கு இடப்பக்க மூக்குத் துவாரத்தின் மேலுள்ள சதைப்பகுதியில் நெடுநாளாக ஆறாமலிருந்த புண்ணைப் பயாப்சி செய்ததில், அது பேசல் செல் கார்சினோமா என்னும் தோல் புற்றுநோய் என்று தெரியவந்துள்ளது. உடலின் பிற இடங்களுக்கு அது பரவுவது மிக அரிது என்பதால் நோயைப் பற்றிய அச்சம் தணிந்துவிட்டது. அதை அகற்றிய பின் மூக்கைச் சீரமைக்க மருத்துவர் வகுத்திருக்கும் திட்டம்தான் எங்களைக் குழப்புகிறது. நெற்றித் தோலை மடலாக எடுத்துத் திருப்பி மூக்கில் தைப்பாராம். அது ஏறத்தாழ 3 வாரங்கள் புருவத்தோடு இணைந்தே இருக்குமாம். அதோடு, புண் இல்லாத தோலில் கொஞ்சத்தையும் சேர்த்து அகற்றுவேன் என்கிறார். வேறிடத்துத் தோலை எடுத்து ஒரே தடவையில் ஒட்டிவிட முடியாதா? நல்ல தோலை எதற்காக இழக்க வேண்டும்?

மறுமொழி 1 (பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்)

மூக்கில் வெளித்தோல், அதைத் தாங்கும் சட்டகம், உள்ளே சவ்வு என மூன்று அடுக்குகள் உள்ளன. எந்த அடுக்கில் எவ்வளவு போகிறது என்று தெரிந்த பிறகே திட்டம் இறுதியாகும். ஆகவே வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று பரிசோதனை முடிவு வரும்வரை சீரமைப்பைத் தள்ளிவைத்தாலும் கவலைப்பட வேண்டாம்.

ஒட்டுத்தோல் தன் ரத்தக் குழாயோடு வருவதில்லை. அடியிலுள்ள திசுவை நம்பியே அது பிழைக்க வேண்டும். சட்டகத்துக்காகப் புதிதாக வைத்த குருத்தெலும்பின் மேல் அது பிடிப்பது கடினம். பிடித்தாலும் நிறமும் தடிமனும் பொருந்தாமல் தனித்துத் தெரியும். நெற்றி மடலோ புருவத்தின் உள்முனையருகே மேலேறும் ரத்தக் குழாயுடனேயே வருகிறது. மூக்கின் பக்கமிருந்து புதிய ரத்தக் குழாய்கள் மடலுக்குள் வளர்ந்த பிறகே அந்த இணைப்பைத் துண்டிக்க முடியும் என்பதால்தான் 3 வாரங்கள்.

நல்ல தோலை எடுப்பது பர்கெட், மெனிக் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்கள் 1985இல் முன்வைத்த கருத்தின்படி. மூக்கின் மேற்பரப்பை அதன் மேடுபள்ளங்களை ஒட்டி 9 பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் பாதிக்கு மேல் இழப்பு இருந்தால் அப்பகுதி முழுவதையும் மாற்றுவதே நல்லது என்றனர். தழும்பு இயற்கையான மடிப்பில் விழுந்து கண்ணுக்குத் தப்பிவிடும். அளவெடுக்க, நலமாக உள்ள வலப்பக்கத்தைத் தையல் நூல் உறையின் மெல்லிய தகட்டில் படியெடுத்து, இடவலமாகத் திருப்பி, நெற்றியில் வைத்து வரைந்துகொள்வோம். கன்னத்துத் தோலால் மூக்கு அமைக்க இலையைக் கொண்டு அளவெடுக்கச் சொன்ன பண்டைய இந்திய மருத்துவர் சுசுருதரின் வழியும் ஏறக்குறைய இதுவே.

மறுமொழி 2 (காது மூக்கு தொண்டை மருத்துவர்)

மேலே சொன்ன 'பாதிக்கு மேல்' என்பதை நான் சட்டமாகக் கொள்வதில்லை. மூக்கின் பக்கச்சுவரில் இழப்பு என்றால் நல்ல தோலைக் காப்பாற்றவே பார்ப்பேன். உங்கள் தாயாருக்குப் பாதிப்பு இருப்பது வெளிப்புறம் குவிந்த பகுதியில். அங்கே மடல் சுருங்கிச் சற்றே உப்புவதும் வடிவத்துக்கு உதவும் என்பதால், மருத்துவரின் முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

தோற்றத்தைவிட மூச்சைப் பற்றி அதிகம் கேளுங்கள். துவாரத்தின் ஓரத்தில் இயல்பாகக் குருத்தெலும்பு இல்லை. ஆனால் புதிதாக அமைக்கும் ஓரத்துக்குள் குருத்தெலும்புப் பட்டை ஒன்றை வைக்காவிட்டால், ஆறும்போது அது மேலே இழுபடும்; மூச்சை இழுக்கும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளவும் கூடும். எதை வைத்து ஓரத்தைத் தாங்கப்போகிறார், உள்சவ்வுக்கு என்ன செய்யப்போகிறார் என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால், மடலின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும் என்பதால், முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும்.

மறுமொழி 3

இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். தொடக்கத்தில் மடலின் இணைப்பிலிருந்து ரத்தம் கசிந்து கட்டு நனையும், பதற வேண்டாம். மூக்குக் கண்ணாடி சரியாக உட்காராது என்பதை எனக்கு யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. தாயார் கண்ணாடி அணிபவராக இருந்தால் இதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நெற்றியின் மேற்பகுதியைத் தைத்து மூட முடியாமல் திறந்தே விட்டார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது தானாகவே ஆறியது, இன்று உற்றுப்பார்த்தால்தான் தெரிகிறது. மயிர் எல்லை தாழ்ந்த நெற்றி என்பதால் புதிய மூக்கில் சில மயிர்கள் முளைத்தன. அவற்றைப் பின்னர் லேசர் கொண்டு நீக்கினார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மருத்துவரிடம் கேட்டதில், காதிலிருந்து குருத்தெலும்பு எடுப்பதாகச் சொன்னார். காதின் வடிவம் கெடாதா?

மறுமொழி 1 (பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்)

காதின் குழிவான நடுப்பகுதியிலிருந்து எடுப்பார்கள். வெளி விளிம்பும் அதையடுத்த மடிப்பும் அப்படியே இருப்பதால் வடிவம் பொதுவாகக் கெடுவதில்லை. காதின் பின்புறமாக எடுத்தால் தழும்பும் மறைந்துவிடும். அந்தப் பக்கமாகப் படுத்து உறங்குவதைச் சில நாட்கள் தவிர்த்தால் போதும்.