ஆரம்பப் பள்ளியில் கருத்துக் கட்டுரை: பிள்ளை யாருடைய கருத்தை எழுத வேண்டும்?

வணக்கம் சகோதரி. கருத்துக் கட்டுரையில் ஆசிரியர் விரும்பும் நிலைப்பாட்டை எழுதினால்தான் மகளுக்கு மதிப்பெண் கிடைக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் 2010 முதல் ஏற்றுக்கொண்ட காமன் கோர் பாடத்தரத்தின்படி, கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் கருத்துக் கட்டுரை எழுதிப் பழக வேண்டும். அந்தத் தரத்தை ஏற்காத டெக்சாஸிலும் இந்தப் பயிற்சி உண்டு. கருத்தைத் தெளிவாகச் சொல்வது, அதற்குக் காரணம் காட்டுவது, காரணங்களை இணைப்புச் சொற்களால் கோப்பது, முடிவுரை எழுதுவது ஆகியவற்றைத்தான் பாடத்தரம் கேட்கிறது. எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஆகவே மதிப்பெண் அளவுகோலான ரூப்ரிக்கை முதலில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சிக்கல் பெரும்பாலும் தலைப்பிலும், அதனுடன் கொடுக்கப்படும் வாசிப்புப் பகுதிகளிலும்தான் ஒளிந்திருக்கும். "பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்ய வேண்டுமா?" என்று கேட்பதற்கும், "பிளாஸ்டிக் பைகளை ஏன் தடை செய்ய வேண்டும்?" என்று கேட்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது, இரண்டாவதில் விடையை ஆசிரியரே எழுதிவிட்டார், பிள்ளைக்குக் காரணம் தேடும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. நான்காம் வகுப்பிலிருந்து வாசித்த பகுதியிலுள்ள தகவலைக் கொண்டே காரணம் காட்டச் சொல்வதால், கொடுத்த பகுதிகள் அனைத்தும் ஒரே பக்கம் பேசினால், ஒன்பது பத்து வயதுப் பிள்ளை மறுபக்கத்தை எதைக் கொண்டு எழுதும்? இதில் கொள்கைத் திணிப்பைவிட ஆசிரியரின் நேரமின்மையே காரணமாக இருப்பதுதான் அதிகம் என்பது என் எண்ணம். எனவே குற்றம் சாட்டும் தொனியைத் தவிர்த்து, "மாற்றுக் கருத்தை எழுத விரும்பும் பிள்ளைக்கு எந்த வாசிப்புப் பகுதியைத் தருவீர்கள்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் மட்டும் பள்ளி முதல்வரை அணுகலாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. கோனார் உரை பார்த்து எழுதிப் பழகிய நாம், "டீச்சருக்குப் பிடித்த மாதிரி எழுதிவிட்டு வா" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வகுப்பறை கேட்காத இணக்கத்தை இப்படி வீடே கேட்டுவிடுகிறது.

அமெரிக்கப் பள்ளிகளில் கொடியை நோக்கிச் சொல்லப்படும் கொடி உறுதிமொழியைப் பிள்ளை சொல்லியே ஆக வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மேற்கு வர்ஜீனியாவில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் தொடர்பான பார்னெட் வழக்கில், அரசுப் பள்ளி மாணவரை அவ்வாறு கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1943-இல் தீர்ப்பளித்தது. எனினும் டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் விலக்குக்குப் பெற்றோர் எழுத்துமூலம் கேட்க வேண்டும் என்ற சட்டம் இருப்பதால், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. தனியார் பள்ளிகளை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. அங்கே பள்ளியின் கையேட்டில் உள்ள விதியைத்தான் பார்க்க வேண்டும்.