மென்பொருள் அனுப்பும் பிழைச் செய்தி என்ஜின்எக்ஸைத் தாண்டி வராதது ஏன்?

கல்லிடைவாசி (கேள்வி):

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் செய்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் சிலருக்காக, ஆர்டர் எடுக்கும் தளம் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். மென்பொருள் எக்ஸ்பிரஸ் என்ற நோட்.ஜேஎஸ் கட்டமைப்பில் எழுதப்பட்டது; அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ரிவர்ஸ் பிராக்ஸியாக, அதாவது கோரிக்கைகளை வாங்கி மென்பொருளுக்குக் கடத்தும் இடைநிலையாக, நிற்கிறது. இருப்பில் இல்லாத அளவைக் கடைக்காரர் கேட்டால், "உளுந்து அப்பளம் பெரிய கட்டு இன்று 40 மட்டுமே உள்ளது" என்பது போன்ற செய்தியை 409 (முரண்பாடு) என்ற ஹெச்டிடிபி பிழைக் குறியீட்டுடன் மென்பொருள் அனுப்ப வேண்டும். என் கணினியில் அது சரியாக வருகிறது. சர்வரிலோ "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்ற பொதுப் பக்கம்தான் தெரிகிறது. தளமே படுத்துவிட்டது என்று எண்ணிக் கடைக்காரர்கள் போன் செய்கிறார்கள். சர்வரை அமைத்துக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. பிழைச் செய்திகள் முழுவதையும் திறந்துவிட எதை மாற்ற வேண்டும்?

பொருநைக்கரை:

அண்ணாச்சி, முழுவதையும் திறந்துவிட வேண்டாம். 409, 422 (அனுப்பிய தகவலை ஏற்க இயலவில்லை) போன்றவை வாடிக்கையாளர் படிப்பதற்காகவே எழுதப்பட்ட செய்திகள்; அவை போய்ச் சேரத்தான் வேண்டும். 500 என்பது மென்பொருள் உள்ளே உடைந்ததன் அடையாளம். அதன் விவரத்தைக் கடைக்காரருக்குக் காட்டினால் அவருக்குப் பயனில்லை, கோப்புப் பாதைகளும் டேட்டாபேஸ் அட்டவணைப் பெயர்களும் மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

முதலில் சர்வருக்குள் நுழைந்து, மென்பொருள் இயங்கும் போர்ட்டுக்கே நேராகக் கர்ல் என்ற கட்டளைக் கருவி மூலம் அதே கோரிக்கையை அனுப்பிப் பாருங்கள். அங்கே செய்தி வந்து, என்ஜின்எக்ஸ் வழியாக அனுப்பும்போது வராவிட்டால், செய்தியை மறிப்பது என்ஜின்எக்ஸ்தான் என்று உறுதியாகிவிடும். அடுத்து "என்ஜின்எக்ஸ் -டி" என்ற கட்டளையைப் பெரிய டி எழுத்துடன் கொடுத்தால், சிதறிக் கிடக்கும் எல்லா அமைப்புக் கோப்புகளையும் ஒரே நீளமாகக் காட்டும். அதில் "பிராக்ஸி_இன்டர்செப்ட்_எரர்ஸ் ஆன்" என்ற வரியைத் தேடுங்கள். இயல்பில் இது ஆஃப். யாரோ ஆன் செய்திருக்க வேண்டும். ஆன் ஆக இருக்கும்போது, "எரர்_பேஜ்" வரியில் எந்தெந்தக் குறியீடுகள் எழுதப்பட்டுள்ளனவோ, அவற்றுடன் மென்பொருள் அனுப்பும் பதிலை என்ஜின்எக்ஸ் தூக்கியெறிந்துவிட்டுத் தன் பக்கத்தை வைக்கும்.

அந்த வரியிலிருந்து 409, 422 ஆகியவற்றை நீக்கிவிட்டு, 500, 502, 503, 504 ஆகியவற்றை மட்டும் விட்டுவைப்பதே உங்களுக்குப் பொருந்தும். இன்டர்செப்டையே ஆஃப் செய்தாலும், மென்பொருள் நின்றுபோனால் என்ஜின்எக்ஸ் தானே உண்டாக்கும் 502-க்கு உங்கள் பக்கம் வரும். ஆனால் மென்பொருளின் 500 அப்படியே வெளியே போகும். நோட்_என்வி என்ற சூழல் மாறி புரொடக்ஷன் என்று இல்லாவிட்டால், எக்ஸ்பிரஸின் இயல்பான பிழை கையாளி ஸ்டாக் டிரேஸ் (பிழை எந்தக் கோப்பின் எந்த வரியில் எழுந்தது என்ற பட்டியல்) முழுவதையும் அனுப்பிவிடும். அதையும் சரிபாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. என்ஜின்எக்ஸ் அமைப்பில் குறிப்பிட்ட முகவரிப் பாதைக்கென எழுதும் லொகேஷன் பகுதிக்குள் ஒரே ஓர் எரர்_பேஜ் வரி எழுதினாலும், வெளியே சர்வர் பகுதியில் எழுதியவை எவையும் அந்த லொகேஷனுக்குச் செல்லாது. பலர் இதில்தான் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

பேட்டை ரோடு:

இதே சிக்கல் மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸிலும் உண்டு. அங்கே ஹெச்டிடிபிஎரர்ஸ் பகுதியின் எரர்மோட் இயல்பில் டீட்டெயில்ட்லோக்கல்ஒன்லி என்பதால், சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து பார்ப்பவருக்கு முழு விவரமும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் பக்கமும் கிடைக்கும். எக்ஸிஸ்டிங்ரெஸ்பான்ஸ் என்பதைப் பாஸ்த்ரூ என்று மாற்றினால் மென்பொருளின் பதிலை ஐஐஎஸ் தொடாமல் விடும்.

கல்லிடைவாசி:

பொருநைக்கரை அண்ணாச்சி சொன்னபடியே இருந்தது. நேராகக் கேட்டால் செய்தி வருகிறது, என்ஜின்எக்ஸ் வழியாக வரவில்லை. எரர்_பேஜ் வரியில் 404 முதல் 504 வரை எல்லாக் குறியீடுகளும் வரிசையாக எழுதப்பட்டு, இறுதியில் "=200" என்றும் இருந்தது. 409, 422-ஐ நீக்கியதும் இருப்புச் செய்தி வந்துவிட்டது. ஆனால் 502 பக்கத்தில் நான் தமிழில் எழுதியவை சில உலாவிகளில் புரியாத குறிகளாகத் தெரிகின்றன.

பொருநைக்கரை:

அந்த "=200"-ஐ உடனே எடுத்துவிடுங்கள். பிழைப் பக்கத்தை வெற்றி என்ற குறியீட்டுடன் அது அனுப்புகிறது. உலாவியில் ஓடும் நிரல் ஃபெட்ச் (சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் வசதி) பதிலின் ஓகே மதிப்பை மட்டும் பார்த்தால், மென்பொருள் நின்றுபோன நேரத்திலும் ஆர்டர் பதிவாகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளும். சரக்குக்குக் காத்திருக்கும் கடைக்காரருக்கு, செய்தியே வராததைவிட இது மோசம்.

எழுத்துச் சிதைவுக்குக் காரணம், பக்கத்தின் எழுத்துக்குறிமுறை சொல்லப்படாததுதான். என்ஜின்எக்ஸ் தானாக அதைச் சேர்ப்பதில்லை. சர்வர் பகுதியில் "கேர்செட் யுடிஎஃப்-8" என்ற வரியையும், அந்த ஹெச்டிஎம்எல் கோப்பின் தலைப்பகுதித் தொடக்கத்திலேயே மெட்டா கேர்செட்டையும் எழுதுங்கள். கோப்பை யுடிஎஃப்-8 ஆகவே சேமியுங்கள். பிறகு சிறிய டி எழுத்துடன் "என்ஜின்எக்ஸ் -டி" கொடுத்து, பிழை எதுவும் இல்லை என்று வந்தபின் ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டியதில்லை.