மறு: ‘லிமிட்டெட் லயபிலிட்டி’க்குத் தமிழ் – ‘இறுகடன்’ சரிவருமா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம். ‘லிமிட்டெட் லயபிலிட்டி’க்கு ‘இறுகடன்’ என்ற சொல்லை வைத்து ஒரு தொடர் அமைக்கலாமா என்ற பேச்சில் வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ‘வரையறுத்த பொறுப்பு’ என்று பாடநூலிலேயே இருக்கிறது. பிறகு எதற்குப் புதுச்சொல்?

இதற்கு நடந்ததைச் சொல்லித்தான் பதில் தரவேண்டும். களுவாஞ்சிகுடியில் சிறு கடைகளுக்கும் கொந்தராத்துக்காரருக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். போன மாதம் வயரிங் வேலை செய்யும் மூன்று பேர் வந்தார்கள். இருவர் எங்கள் ஊர், ஒருவர் காரைதீவு. அறுகம்பையில் ஒரு விடுதியின் வேலை கைக்கு வந்ததால் மூவரும் சேர்ந்து தொழில் தொடங்க நினைத்திருந்தார்கள். பிரதேச செயலகத்தில் பெயரைப் பதிந்து, ‘பிஆர்’ என்கிற வியாபாரப் பதிவு எடுத்துப் பங்குடைமையாக, அதாவது கம்பனி அமைக்காமல் கூட்டாளிகளாக, போவதா, கம்பனியாகப் பதிவதா என்று கேட்டார்கள். ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதில் கம்பனிக்கு நேரே ‘வரையறுத்த பொறுப்பு’ என்று இருந்தது. மூவரில் மூத்தவர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“அப்ப வேலையில பிழை வந்தா ஓரளவுக்குத்தான் பொறுப்பெடுப்பம் எண்டு நாங்களே எழுதிக் குடுக்கிறதா? பிறகு ஆர் எங்களுக்கு வேலை தருவான்?”

அவர் வாசித்ததில் பிழை இல்லை. தமிழில் பொறுப்பு என்றால் அதுதான். எர்த்து ஒழுங்காக இறக்கியிருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்பதில் அளவு போட்ட பொறுப்பு என்று ஒன்று இல்லை. சட்டமும் அப்படி ஒரு சலுகை தரவில்லை. கம்பனியாகப் பதிந்தாலும் தன் கையால் செய்த கவலையீனத்துக்கு அவரே நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேரலாம். சட்டம் எல்லை போடுவது வேறொன்றுக்கு: கம்பனி பட்ட கடன் பங்குதாரரின் சொந்தச் சொத்தை எவ்வளவு தூரம் தொடலாம் என்பதற்கு.

கணக்காகவே பார்ப்போம். மூவரும் ஆளுக்கு ஒரு இலட்சம் போடுகிறார்கள். கேபிளும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி போர்டும் 12 இலட்சத்துக்குக் கடனாக எடுக்கிறார்கள். விடுதிக்காரர் காசு தரவில்லை. பங்குடைமை என்றால், கடைக்காரர் மூவரில் காணி வைத்திருப்பவரைப் பார்த்து முழுத் தொகையையும் கேட்கலாம். அந்தக் கேபிளை வாங்கியது மற்ற இருவராக இருந்தாலும் தொழிலுக்காக வாங்கியதால் அவரும் தப்ப முடியாது. இங்கே பங்குடைமைக்கு அடிப்படை இன்னும் 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டந்தான். கம்பனி என்றால் போட்ட ஒரு இலட்சம் போகும். பங்குக்குக் கட்டாத மீதி இருந்தால் அதையும் கட்டவேண்டும். அதற்கு மேல் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரே ஆள்கூடப் பங்குதாரராக இருந்து கம்பனி அமைக்கலாம். தனியாக வேலை செய்பவருக்கும் இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன். செயலாளர் வைக்கவேண்டும், ஆண்டு விவரத்திரட்டுக் கொடுக்கவேண்டும், அந்தச் செலவு உண்டு.

இனி எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கதி. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் வீடு வளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். தமிழரிடமும் அப்படி, முஸ்லிம்களிடமும் அப்படி. அதனால் மூத்தவர் அடுத்துச் சொன்னது, “வீடு மனிசிட பேரில கிடக்கு, பயமில்ல.” புருசன் பட்ட கடனுக்கு அந்த வீட்டைத் தொட முடியாது, உண்மைதான். ஆனால் வங்கிக்குப் போனால் மனைவியைப் பிணை நிற்கச் சொல்லலாம். அவர் கையெழுத்து வைத்துவிட்டால், கம்பனிக்குச் சட்டம் போட்ட எல்லை அவரைக் காக்காது. ‘வரையறுத்த பொறுப்பு’ என்ற சொல்லை வாசித்த ஒரு பெண்ணுக்கு இந்த ஆபத்து கண்ணில் படாது. எனக்கு உண்மையில் உறுத்துவது இதுதான்.

குழுவில் வந்த சொற்களைப் பார்த்தேன். ‘கடப்பாடு’ மறுபடியும் கடமைக்கே போகிறது. ‘கடனெல்லை’ நல்ல சொல், ஆனால் வங்கி எவ்வளவு கடன் தரும் என்ற எல்லைக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. ‘மட்டுறு பொறுப்பு’ என்பதைக் கேட்டால் இணையக் குழுக்களில் பதிவுகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்துபவர் நினைவுக்கு வருகிறார்.

நான் முதலில் ‘கடனிறுப்பு’ என்று எழுதினேன். வரி கட்டுபவரை இறைவரிக் கடிதங்களில் ‘வரியிறுப்பாளர்’ என்கிறோமே, அந்த இறுப்பு; இறுத்தல் என்றால் கட்டித் தீர்த்தல். மூவரிடமும் வாசித்துக் காட்டினேன். இளையவர் அதைக் ‘கடனிருப்பு’ என்று கேட்டுக்கொண்டு, “மிச்சக் கடன் எவ்வளவு எண்டா?” என்றார். கணக்கு எழுதுபவன் இதை முன்பே உணர்ந்திருக்கவேண்டும். இருப்பு என்பது என் பேரேட்டில் தினமும் வரும் சொல்.

அதனால் திருப்பிப் போட்டேன்: இறுகடன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. இறுத்தே ஆகவேண்டிய கடன். கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்ற பழைய பொருளும் இருப்பதால் அடி ஆழமாகவே ஊன்றுகிறது. முன்னே ஓர் அடைமொழி வைத்தால் குடும்பமே கிடைக்கிறது. கம்பனிப் பங்குதாரருக்குப் பங்களவு இறுகடன். தனிவியாபாரிக்கு முழு இறுகடன். பங்குடைமையில் கூட்டு இறுகடன். கையெழுத்து வைத்த மனைவிக்குப் பிணை இறுகடன்.

> நட்டஈடும் லயபிலிட்டிதானே, அது கடனா?

தீர்ப்பாகித் தொகை குறிக்கப்பட்ட பின் அதுவும் இறுக்கவேண்டிய கடனே. தீர்ப்புக்கு முந்திய நிலைக்கு ‘பொறுப்பு’ இருக்கட்டும். அங்கே அந்தச் சொல் சரியாகவே பொருந்துகிறது.

> அகராதி செய்வது திணைக்களத்தின் வேலை, நமதல்ல.

இதை ஏற்க என் மனம் இடம் தரவில்லை. 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்த விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். என்னிடம் வந்த மூவரில் ஒருவரின் ஊர் அது. அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் தொழிலுக்கு வேண்டிய சொல் விளங்காமல் கையெழுத்து வைக்கப் போகிறார். நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

ஒரு குறை எனக்கே தெரிகிறது. அவசரத்தில் எழுதினால் ‘இருகடன்’ ஆகி இரண்டு கடன் என்று பொருள்படலாம். ‘கடனிருப்பு’ அளவுக்கு அது கெடுதல் செய்யாது என்று நினைக்கிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள். திருத்திய குறிப்பை மூத்தவரின் மனைவியும் வாசித்தார். பிணை இறுகடன் என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தி, “இதுக்குத்தான் என்னையும் வங்கிக்குக் கூட்டிப் போகப் போறாரா?” என்று கேட்டார். அடுத்த கிழமை குறிப்பை அச்சுக்குக் கொடுக்கவேண்டும், அதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்,
களுவாஞ்சிகுடியிலிருந்து